பெட்டிக்கு வைத்த பொட்டு

ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. கருகிப்போன ஒரு தகட்டுக்காகக் குமுதாவின் சம்பளத்தில் ஆறு மாதமாகப் பிடித்த தொகை.

புஞ்சாக் ஆலாம் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் அவள் துப்புரவு வேலை செய்கிறாள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மழைபோலக் கொட்டினாலும் ஒன்றுவிடாமல் எண்ணுகிற வாயுப்பெட்டியை டாக்டர் புவனேசன் அங்கே செய்துகொண்டிருந்தார். ஆயுத பூஜையன்று, திறந்திருந்த பெட்டிக்கு யாரோ பொட்டு வைக்க, குங்குமத்தூள் உள்ளே விழுந்தது. மின்சாரம் கொடுத்ததும் பொறி பறந்து உள்ளிருந்த தகடு கருகியது. பழி குமுதாவின் தலையில் விழுந்தது.

கடைசித் தவணையன்று புவனேசன் சொன்னார்: "இன்னியோட முடிஞ்சிச்சிக்கா. இனிமே மெஷினுக்குப் பொட்டு கிட்டு வைக்காதீங்க லா."

குமுதா துடைப்பத்துணியைப் பிழிந்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரரு தவறி ஒரு மாசந்தான் டாக்டர். அந்த வருசம் எங்க வீட்ல பூஜையே இல்ல. நான் எங்க பொட்டு வைக்கிறது?"

புவனேசன் தடுமாறினார். "அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீங்க வச்சதப் பாத்தேன்னு கிளீனர் சொன்னா யாரு லா நம்புவா? வேலதான் போகும்."

மறுநாள் அவள் வங்கிக் கணக்கில் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி விழுந்திருந்தது. குமுதா பார்த்தாள். பிறகு தரையைத் துடைக்கப் போனாள்.