தரையில் விழாத ஹெலிகாப்டர்

விழுந்தாலும் உடையாது என்று பெட்டியில் போட்டிருந்தது. உண்மைதான், பெட்டி இன்றுவரை உடையவில்லை. ஜெபசிங்கின் ரிமோட் ஹெலிகாப்டர்தான் ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் விழுந்து நொறுங்கும். சம்பளத்தைக் கரைத்துப் புது இறக்கை, புது வால் வாங்குவான். மனைவி ஸ்டெல்லாவின் பல்வலிக்கு மட்டும், "அடுத்த மாசம் பாக்கலாம்."

அன்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளின் தோளில் ஹெலிகாப்டர் விழுந்து, புடவையில் சிக்கிக்கொண்டது. ரத்தம் கசிந்தது. ஓடிவந்தவன் ஹெலிகாப்டரை எடுத்து, இறக்கை இறக்கையாகத் தடவிப் பார்த்தான்.

"நல்லவேளை, உம்மேல விழுந்துச்சு. தரையில விழுந்திருந்தா செலவு இழுத்திருக்கும்."

மறுபடியும் பறக்கவிட்டான். அவள் தலைக்கு மேலே வந்து தள்ளாடியது.

"அசையாம நில்லுடி!" என்று கத்தினான்.

ஸ்டெல்லா ஈரத் துண்டை நிதானமாக உதறியபடி ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.