பஞ்சு பக்கம்

சிகரெட் பிடித்துவிட்டு, தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களை நிலோஃபர் நிறையப் பார்த்திருக்கிறாள். பிடிக்காமலே பிடித்தேன் என்று சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

பெயர் காஜா மைதீன். போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே கயிறும் தார்ப்பாயும் விற்கிற பெரிய மனுஷர்.

நிலோஃபர் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி செய்கிறவள். சிகரெட்டை விட்டவர்கள் ஏன் மறுபடியும் தொடுகிறார்கள் என்பதுதான் அவள் மண்டையைக் குடைகிற கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தோறும் படகுத்துறை ஆட்களை ஒரு கூடத்தில் உட்கார வைப்பாள். ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரம் பிடித்தார்களா இல்லையா என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அப்புறம் தனியாக வந்து ஒரு மெஷினில் ஊத வேண்டும். மூச்சில் புகை இருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும்.

காஜா மைதீன்தான் எப்போதும் முதலில் எழுந்திருப்பார். இன்றைக்குக் காலையில்கூட ஒன்று இழுத்தேன், மனசு கேட்கவில்லை என்பார். மெஷினில் ஊதினால் பச்சைப்பிள்ளை மூச்சு மாதிரி சுத்தமாக இருக்கும்.

மெஷின் பழுதோ என்று நிலோஃபர் முதலில் குழம்பினாள். ஒரு ஞாயிறு வருகிற வழியில் குட்டு வெளிப்பட்டது. வெற்றிலைக் கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த லைட்டரை இழுத்து, மனுஷர் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அதுவும் பஞ்சு இருக்கிற பக்கத்தை! கருகல் நாற்றத்தில் நாலு தும்மல் போட்டுவிட்டு, அந்தப் புகையைச் சட்டையில் விசிறிக்கொண்டு கூடத்தைப் பார்க்க நடந்தார்.

ஜென்மத்தில் சிகரெட் பிடித்த ஆளில்லை. அப்புறம் எதற்கு இந்த வேஷம்? வருகிறவர்களுக்கு மீன் குழம்பில் சேமியா போட்ட மோஹிங்கா ஒரு கிண்ணம், டீ, கிளம்பும்போது ஒரு சோப்பு. கடை வைத்திருக்கிற மனுஷருக்கு இதுவுமா வேண்டும் என்று நிலோஃபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க சிகரெட்டே பிடிக்கிறதில்ல. பொய் சொல்லி என் ஆராய்ச்சியையே கெடுக்கறீங்க. அடுத்த வாரத்திலேர்ந்து வர வேணாம்."

அவர் மறுக்கவில்லை. லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார். "பழனிகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்கம்மா" என்றார்.

பழனியப்பன் அவருடைய கூட்டாளி, படகில் மூட்டை ஏற்றுகிறவர். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படை. இப்போதே சிகரெட்டை விட்டால் நல்லது, விடாவிட்டால் புற்றாக மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் தேறாவிட்டாலும் இவர் தேற வேண்டும் என்று நிலோஃபர் தவித்துக்கொண்டிருந்தாள். இந்த நல்ல மனுஷருக்கு இப்படி ஒரு கூட்டாளியா என்று அலுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பழனியப்பனும் வரவில்லை.

நிலோஃபர் மறுநாளே படகுத்துறைக்கு ஓடினாள். கிடங்கு நிழலில் உட்கார்ந்திருந்த பழனியப்பன், அவளைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். புகை மட்டும் தோளுக்கு மேலே எழும்பியது.

"ஏண்ணே வரல?"

"வெக்கமா இருந்துச்சு, சயாமா." அங்கே டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "விட்டுட்டு மறுபடி பிடிச்சிட்டேன். அத்தனை பேரு முன்னால எந்திரிச்சு எப்படிச் சொல்றது? பாய் இருந்தா அவரு முதல்ல எந்திரிச்சு, நான் தோத்துட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாரு. அப்புறம் எனக்குக் கூச்சம் இருக்காது. பாவம், வீட்டுக்குத் தெரியாமப் பிடிக்கிறவரு. என்னைவிட மோசம். அவரே விடாம வர்றாரேன்னுதான் நானும் வந்துக்கிட்டிருந்தேன்."

நிலோஃபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை பாய் வருவார், நீங்களும் வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

காஜா மைதீன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பின்னால் அலமாரியில், அவள் கொடுத்த சோப்புகள் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன.

"தனியா வரமாட்டேன்னுட்டான்மா. நானும் திருட்டுத்தனமாப் பிடிக்கிறவன்தான், வா, சேர்ந்து விட்டுடலாம்னு இழுத்துட்டு வந்தேன்" என்றார், தலையைத் தூக்காமல். "காலையில டீக்கடையில எனக்கு எதிர்ல உக்கார அவன் ஒருத்தன்தானே இருக்கான்."

நிலோஃபருக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆராய்ச்சியிலேர்ந்து உங்க பேரை எடுத்துட்டேன், மாமா. நாற்காலியை எடுக்கல. வந்துடுங்க."

ஞாயிறு வந்தது. காஜா மைதீன் எழுந்து, இந்த வாரமும் நான் அவுட் என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் பழனியப்பன் எழுந்தார். திங்கள்கிழமை பிடித்தேன், சயாமா வந்து போனதிலிருந்து தொடவில்லை என்றார். ஊதியபோது மெஷினும் ஆமாம் என்றது.

அவர் நிலோஃபரின் காதருகே குனிந்தார். "நான் எப்படியும் விட்டுடுவேன், சயாமா. பாய்தான் தேற மாட்டாரு போலிருக்கு. அவரைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"கண்டிக்கிறேண்ணே" என்று முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு, காஜா மைதீனை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள் நிலோஃபர்.

"மாமா, இனிமே பத்த வைக்காதீங்க, சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்தாலே போதும். எப்பவாவது அண்ணன் முன்னால வாயில வைக்க வேண்டி வந்தா, பஞ்சு இருக்கிற பக்கம்தான் வாய்க்கு. மறந்துடாதீங்க."