ஆத்தா, காத்து, கிருமி

போர்க்காலத்தில் காஜா பெராங் ஊரில் ஜப்பான் சிப்பாய்கள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். பூங்காவனத்தின் வீட்டுக் கட்டிலில் போர்வை மேடாக இருந்தது.

"அங்க யாரு?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"என் தங்கச்சிதாங்க. ஒடம்பெல்லாம் முத்து, ஆத்தா வந்திருக்கா," என்றாள் பூங்காவனம். சிப்பாய் ஓரடி உள்ளே வைத்தான்.

"கெட்ட காத்தும் அடிச்சிருக்கு." இன்னோர் அடி வைத்தான்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸரான அவள் கணவன் அப்பாசாமி தொண்டையைச் செருமினான். "காலரா கிருமிங்க."

மொழிபெயர்ப்பு முடிவதற்குள் அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள்.

"ஆஸ்பத்திரி ஆளை அனுப்புறோம்," என்று அங்கிருந்தே கத்தினார் மொழிபெயர்ப்பாளர்.

"நான்தாங்க அந்த ஆளு," என்றான் அப்பாசாமி.

அவர்கள் போனதும் பூங்காவனம் கும்பிட்டாள். "ஆத்தா காப்பாத்திட்டா. தேங்கா ஒடைக்கணுங்க."

"ஆத்தான்னதும் உள்ள வந்தவன், கிருமின்னதும் ஓடிட்டான். ஒடைச்சா கிருமிக்கு ஒடை," என்றபடி அப்பாசாமி போர்வையை உருவினான்.

சிப்பாய்கள் பறிமுதல் செய்ய வந்த சைக்கிள், நோய்நொடி இல்லாமல் படுத்திருந்தது.