வெந்நீர்த் தொட்டிக்கான பெட்டி

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளென் நிலவறைக்கு இறங்கி, அண்டாவில் விரலை விட்டுப் பார்த்தான். பச்சைத் தண்ணீர்.

தொடர்ந்து மூன்றாவது மாதம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமைதான் அவன் பீர் காய்ச்சுகிற நாள். முந்தின இரவே அண்டாவில் நீர் நிரப்பி, நேரம் குறித்து வைத்துவிட்டுப் படுப்பான். ஐந்து மணிக்கு ஹீட்டர் தானாக ஓடத் தொடங்கும். போர்வைக்குள் அவன் சுருண்டு கிடக்க, கீழே நீர் மெல்ல மெல்லச் சூடேறுவதாகக் கனவு வரும். முளைகட்டிய பார்லியின் வாசனை படியேறி வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சுகத்துக்காகவே மாதம் முழுக்க உயிரோடு இருக்கிற ஆள்.

மதியம் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். இனிமேல் நீரைச் சூடேற்றத் தொடங்கினால் காய்ச்சி முடிக்க நேரம் போதாது; அந்த மாத பீர் அவ்வளவுதான். மார்ச்சில், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்துப் போட்டி வேறு வருகிறது.

சங்கத்து நண்பன் ரூடிக்குப் போன் போட்டான்.

“பிரேக்கர் மறுபடியும் டிரிப் ஆகி அணைஞ்சிருக்கு. கைப்பிடி பாதியில நிக்குது. எல்லாம் நீ சொல்லி வாங்கின பெட்டி.”

“பெட்டியைத் திட்டாதே. மெயின் போர்டுக்கு அதே பிரேக்கரைத் தனியா வாங்கப் போனியே, விலையைக் கேட்டுட்டு என்ன பண்ணினே? பேசாம திரும்பி வந்தே.”

உண்மைதான். ஈரத் தரையில் நின்றுகொண்டு கரண்டோடு புழங்குகிற வேலை இது. ஒரு துளி மின்சாரம் வழிதவறி உடம்பில் ஏறப் பார்த்தாலும், கண்ணிமைக்கும் முன் அணைத்துவிடுகிற பிரேக்கர் வேண்டும். தனியாகக் கேட்டால் யானை விலை, குதிரை விலை சொல்கிறார்கள். தோட்டத்தில் வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கென்று விற்கிற பெட்டிக்குள் அதே பிரேக்கர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எங்கள் ஊரில் பீர் காய்ச்சுகிறவர்கள் வீட்டில் தொட்டி இருக்காது, பெட்டி இருக்கும்.

“பெட்டி வந்துடுச்சு, தொட்டி எப்ப வருது?” என்று கிளென்னின் மனைவி மார்னி வாங்கின நாளிலிருந்து கேலி செய்கிறாள்.

“ஹீட்டர் எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு பாரு,” என்றான் ரூடி.

“ஓடவே இல்ல.”

“ஓடாத ஹீட்டர்ல கரண்ட் எப்படிடா கசியும்? பெட்டியில டெஸ்ட் பொத்தான் இருக்கில்ல, அமுக்கினா பிரேக்கர் அணையுமே, அதை யாரோ அமுக்கியிருக்காங்க. உன் வீட்ல எத்தனை பேரு?”

கிளென் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். இரண்டே பேர்தான். அதில் ஒருத்திக்கு பீர் வாசனையே ஆகாது. நாலரை மணிக்கு பேக்கரி வேலைக்குக் கிளம்புகிறவளும் அவள்தான்.

அடுத்த மாதம், வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வேண்டுமென்றே பேச்சை எடுத்தான்.

“நாளைக்கும் அணைஞ்சிருந்தா, அந்தப் பெட்டியைக் கழற்றி எறிஞ்சுட்டு நேரா கரண்ட் குடுத்துடப் போறேன்.”

மார்னி கேலி செய்யவில்லை. பொரித்த மீனைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அதிகாலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் நிலவறைக்கு இறங்கி, பார்லி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். ஜன்னலைப் பாதி வரை பனி மூடியிருந்தது. மீதிப் பாதியில் தெருவிளக்கின் வெளிச்சம் நீலமாக இறங்கியது. தூக்கமா விழிப்பா என்று அவனுக்கே புரியவில்லை. படியில் காலடி கேட்டபோது அதையும் கனவென்றே நினைத்தான்.

மார்னி. கோட்டும் பனிக்காலணியும் போட்டிருந்தாள். நேராகப் பெட்டியிடம் போய் மூடியைத் திறந்து பொத்தானை அமுக்கினாள்.

‘டக்.’

இருபத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்துவிட்டு இப்படியா என்று அவனுக்கு மனசு கசந்தது.

அவள் போகவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். அது பாதியிலேயே நின்றது. மறுபடி தள்ளினாள். மூச்சு வாங்கியது.

“முழுசா அணைச்சுட்டு, அப்புறம் போடணும்,” என்றான் கிளென்.

அவள் பதறித் திரும்பினாள். “இங்கயா உட்கார்ந்திருக்கே?”

“நான் காய்ச்சறது பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம் மார்னி. எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?”

“பிடிக்கலைதான். நாத்தம் குடலைப் புரட்டுது.” மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினாள். “இதை என்னிக்காவது படிச்சியா?”

படித்ததில்லை. இப்போது படித்தான். மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். அணையாவிட்டால் பெட்டி கெட்டுவிட்டது, பயன்படுத்தக் கூடாது.

“வாங்கின வாரமே சொன்னேன். ஆகட்டும், பார்க்கலாம்னே. திரும்பச் சொன்னா, மார்னிக்கு பயம்னு சங்கத்துல போய்ச் சொல்லிச் சிரிப்பே. அதான் நானே அமுக்கிட்டுப் போயிடறேன்.”

“சரி, இன்னிக்குமா? கழற்றி எறியறேன்னு சொன்ன பிறகுமா?”

“திரும்பப் போட்டுடலாம்னுதான் பார்த்தேன். அது ஏற மாட்டேங்குது.” கையுறையை மாட்டிக்கொண்டு படியேறினாள். பாதியில் நின்று, அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

“அது அணையற சத்தத்தைக் கேட்காம போனா, பேக்கரியில எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது கிளென்.”