சிக்னே தந்த ஷாம்பூ கட்டி

"இது அந்த சிக்னே பண்ணின வேலைதான்" என்றாள் உல்ரிகா.

அவள் மகள் ஸ்வேயா தோளில் ஈரத் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். இடுப்புவரை தொங்கும் பொன்னிற முடி. இப்போது அதில் பொன்னைக் காணோம். வேர் முதல் நுனி வரை ஊதா.

மறுநாள் லூசியா திருநாள். விடியும் முன்பே வெள்ளை அங்கியும் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடமுமாக, பாடிக்கொண்டு போகும் ஊர்வலத்துக்கு முன்னால் லூசியாவாக நடக்க வேண்டியவள் ஸ்வேயா. பள்ளியில் சீட்டுக் குலுக்கியபோது முதலில் வந்தது அவள் பெயர். இரண்டாவதாக வந்தது அவள் தோழி சிக்னேயின் பெயர். முதல் பெண்ணால் முடியாமல் போனால் கிரீடம் இரண்டாமவளுக்கு.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டாள் உல்ரிகா.

சிக்னே வீட்டிலேயே ஷாம்பூ கட்டி செய்து கிறிஸ்துமஸ் சந்தையில் விற்பவள். போன வாரம்தான் ஓர் ஊதாக் கட்டியைப் பழுப்புத் தாளில் சுற்றி, லூசியாவுக்கு என் பரிசு என்று ஸ்வேயாவிடம் கொடுத்திருந்தாள். நீச்சல்குளத்துத் தண்ணீர் பொன்னிற முடியைப் பழுத்த மஞ்சளாக்கிவிடும். ஊதாக் கட்டி அந்த மஞ்சளை அடக்கும். தேய்த்ததும் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான். நீச்சல் அணியில் இருக்கும் ஸ்வேயா வருஷக்கணக்காக ஊதாக் கட்டிதான் போடுகிறாள். ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

"சாயத்தை அள்ளிக் கொட்டியிருக்கா. அவ அம்மா ஆஸ்பத்திரியில படுத்த நாள்லேருந்து வாராவாரம் சூப் வெச்சுக் குடுத்தனுப்புறேன். அதுக்குக் கைமாறா இது?"



உல்ரிகா வினிகர் ஊற்றிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். ஊதா கொஞ்சம் வெளுத்து, பனியில் நனைந்த கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் ஒரே சலூன்காரி கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

இசை ஆசிரியர் பெங்க்டுக்குப் போன் போட்டாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஊதாத் தலையில் வைத்தால் மெழுகுவர்த்தி எரியாதா என்று கேட்டார். குலுக்கலில் வந்தவள்தான் லூசியா, முடி என்ன நிறமாக இருந்தாலும் சரி என்றார்.

"உங்களுக்குச் சரியா இருக்கும். நாளைக்குப் பத்திரிகைக்காரன் வந்து போட்டோ எடுப்பான். கோத்தன்பர்க்லேருந்து என் அக்கா வரா. இந்தத் தலையோட என் பொண்ணு ஊர் முன்னாடி நிக்க மாட்டா. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றாள் உல்ரிகா.

அப்படியானால் சிக்னேதான் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

அதன் பிறகுதான் உல்ரிகாவுக்கு உறைத்தது. தன் வாயாலேயே கிரீடத்தைத் தூக்கி சிக்னேயிடம் கொடுத்துவிட்டாள்.

"விட மாட்டேன். அந்தக் கட்டியை இப்பவே எடுத்துட்டுப் போய் பெங்க்ட் மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன். யாருக்கு வேணா போகட்டும், அவளுக்குப் போகக் கூடாது."

"அம்மா, வேண்டாம்."

"நீ சும்மா இரு. உனக்கு ஒரு எழவும் தெரியாது."

குளியலறைக்குள் போனாள். சோப்புத் தட்டில் ஓர் ஊதாக் கட்டி கிடந்தது. தேய்ந்து தேய்ந்து உள்ளங்கையில் அடங்கும் சில்லாகியிருந்தது. கடையில் வாங்கும் கட்டி. கோடைக் காலத்திலிருந்து ஸ்வேயா போட்டுக்கொண்டிருப்பது.

சிக்னே கொடுத்ததை அலமாரிக்குள் தேடி எடுத்தாள். பழுப்புத் தாள் அப்படியே இருந்தது. சுற்றிய சிவப்பு நூலின் முடிச்சுகூட அவிழவில்லை.

இரண்டு கையிலும் இரண்டு கட்டியோடு வெளியே வந்தாள்.

"இதை நீ பிரிக்கவே இல்லையே."

"இல்லை."

"அப்ப இந்தத் தலை?"

"பழைய கட்டிதான். நுரையோட விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நீ ரொட்டி பிசைஞ்சு, உப்ப வெச்சு, சுட்டு எடுக்கிற வரைக்கும்."

உல்ரிகா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசையில் மறுநாளைக்கான குங்குமப்பூ ரொட்டிகள் ஆறிக்கொண்டிருந்தன.

"உனக்கென்ன பைத்தியமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன். உடம்பு சரியில்லாமப் போனாத்தான் மாத்துவேன்னார் பெங்க்ட். சிக்னேகிட்டயும் கேட்டேன். சீட்டு உனக்குத்தானே வந்துது, பிச்சை போடுறியான்னு சண்டைக்கு வந்துட்டா."

"அவளுக்குக் குடுக்கணும்னு அப்படி என்ன?"

"ஊர்வலம் முதல்ல ஆஸ்பத்திரிக்குத்தானேம்மா போகும். அவ அம்மா இருக்கிற வார்டுக்கு. அடுத்த லூசியா வரைக்கும் அவங்க இருக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

உல்ரிகா கையிலிருந்த பழுப்புத் தாள் கட்டியை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஸ்வேயா. நானே பெங்க்ட்கிட்ட பேசியிருப்பேனே."

ஸ்வேயா ஈர முடியைத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

"நீ விட்டுக்குடுப்பியான்னு எனக்குத் தெரியலைம்மா. ஆனா இந்தத் தலையோட என்னை வெளிய விட மாட்டேன்னு மட்டும் நல்லாத் தெரியும்."