மலைக்கிராமத்துக் கதவு

"அலாமை நிப்பாட்டுங்கோ! ஃபயர் ட்ரக் வரப் போகுது!"

மாடியிலிருந்து மனைவி ஸபியா கத்திக்கொண்டே ஓடிவந்தாள். துருக்கிக்குப் போய்வந்த கதை சொல்லும் உற்சாகத்தில், அவள் அடுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்ன றோல்ஸை இஸ்ஸதீன் கருகவிட்டிருந்தார். துவாயால் விசிறி அலாரத்தை ஓயவைத்துவிட்டு, சோபாவில் இருந்த அலெக்ஸாண்டரிடம் திரும்பினார். புலம்பெயர்ந்து வந்த நாட்டில் இருவருக்கும் ஒரே ஃபாக்டரியில் வேலை.

"எங்க விட்டனான்? ஓம், அந்த மலைக்கிராமம்! வீட்டுக்கு வீடு முந்திரிகைக் குலை தொங்கிற பந்தல். பீச், மாதுளை, மல்பெரி, எல்லாத்திலயும் வைன் போடுறாங்கள்."

"நீங்களும் ஒரு கிளாஸ்...?"

"அஸ்தஃபிருல்லாஹ்! எனக்கு ஜூஸ்தான்."

"வைன் ஊருக்குப் போய் சோப் வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் இவர்தான்," என்றாள் ஸபியா.

"சிரிக்காதை. ஜூஸ் தந்த மனிசியின்ர வீடு, முந்தி ஒரு கிரேக்கரின்ரயாம். அந்தக் காலத்துத் துருக்கி-கிரேக்கச் சண்டை முடிய அவங்களை அனுப்பிப்போட்டாங்கள். இவவின்ர ஆக்களும் கிரேக்கப் பக்கம் இருந்து துரத்தப்பட்டு வந்தவைதான். போன வருசம் அந்தக் கிரேக்கரின்ர பேரன் வந்து வாசல்ல நிண்டானாம். மனிசி என்ன செய்தவ தெரியுமோ? 'உள்ள வா, இது உன்ர வீடு' எண்டு சாப்பாடு போட்டவ! என்ன மனசு, அலெக்ஸ்!"

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. யாழ்ப்பாணம் சோனகதெருவில், பள்ளிவாசல் ஒழுங்கை மூலையில், நீலக் கதவு போட்ட வீடு ஒன்று அவருக்கும் இருந்தது. தொண்ணூறில் புலிகள் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது விட்டுவந்தது. அந்த நீலக் கதவைப் பற்றி அவர் ஃபாக்டரியில் பேசாத நாளில்லை. இப்போது போர் முடிந்து, பாதையும் திறந்தாயிற்று. வெள்ளிக்கிழமை அவருக்கு ஊர்ப்பயணம்.

"ஆர் இருக்கினமோ தெரியாது," என்றாள் ஸபியா. "மூஞ்சையில கதவைச் சாத்தினா இவர் தாங்க மாட்டார். ஸ்டென்ட் வைச்ச நெஞ்சு. நீங்களாவது வேண்டாமெண்டு சொல்லுங்கோ, தம்பி."

"உள்ள விட வேண்டாம். உம்மா வைச்ச மரம் நிக்குதோ எண்டு மதிலால எட்டிப் பாத்தாலே காணும்," என்றார் இஸ்ஸதீன்.

அலெக்ஸாண்டர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"போங்கோ அண்ணை. மாதுளை இப்பவும் காய்க்குது."

இஸ்ஸதீன் நிமிர்ந்தார். "நான் என்ன மரமெண்டு சொல்லேல்லையே!"

அலெக்ஸாண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேவி எங்கட தீவைப் பிடிக்க, ஓடிவந்து அந்த நீலக் கதவுக்குள்ள இருக்கிறது என்ர அக்காதான், அண்ணை. இவ்வளவு நாளும் சொல்லப் பயமாக் கிடந்தது. நீங்க வாறியளெண்டு நேற்று அவவுக்குச் சொன்னனான். விடியத் தொட்டு வீடு கழுவிக்கொண்டு நிக்கிறாவாம்."