அம்மாவின் ரேகை

மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் இடது கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நக ஓரம், விரல் மடிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று எதிரே உட்கார்ந்திருந்த நகைக்காரி வியந்தாள்.

"வலது கை விழுந்து மூணு வருஷமாச்சு மேடம். இப்ப அவங்களுக்கு எல்லாமே இந்தக் கைதான்," என்றான்.

நகைக்காரி தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து மெழுகை எடுத்தாள். கையாலேயே வெள்ளி நகை செய்து பத்து வருடம் ஓட்டிவிட்டாள். சொந்தமாக ஒரு கண்காட்சி மட்டும் கைகூடவில்லை. இலை, இறகு, அலை என்று அவள் செய்து கொண்டுபோனதையெல்லாம் கண்காட்சிக்கூடத்து அம்மாள் போன மாதம்தான் விரல் நுனியால் நகர்த்திப் பார்த்தாள். "அழகா இருக்கு. உயிர்தான் இல்ல. மனசைத் தொடுற மாதிரி ஒண்ணு கொண்டு வா, தேதி தர்றேன்," என்று அனுப்பிவிட்டாள்.

உயிரை எந்தக் கடையில் வாங்குவது? அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த மகன் போன் செய்தான்.

"என்கூட வந்து இருங்கன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்," என்றான் அவன். "இந்த வீட்டை விட்டு நகர மாட்டாங்களாம். சரி, அவங்க ரேகையாவது பதக்கமா என் நெஞ்சுல கிடக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"இவங்கப்பாவும் நானும் செங்கல் சுமந்து கட்டின வீடு கண்ணு. மூச்சு இருக்கிற வரைக்கும் இங்கதான்," என்று அம்மா சிரித்தாள். "ஒரு வருஷமா எட்டிப் பார்க்காத பய, இன்னிக்கு என் விரலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான் பாரேன்."

மகன் அசடு வழிந்தான். நகைக்காரி மெழுகை இளக்கி விரலடியில் வைத்தாள்.

"கொஞ்சம் அழுத்துங்கம்மா. போதும், போதும்."

"பாத்திரம் தேய்ச்சே தேய்ஞ்ச விரல். இதுல என்ன அழகைக் கண்டுட்டே நீ?" அம்மாவுக்கு ஒரே கூச்சம். ஆனால் விரலை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

மெழுகில் பதிந்த தடத்தை மகன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது பள்ளமா இருக்கே மேடம்?"

"ஆமா சார். விரல் அமுங்கின தடம்தானே, அதை அப்படியே வெள்ளியில வார்த்துடுவேன். எல்லாருக்கும் அப்படித்தான்."

"எனக்கு மேடா வேணும். அம்மா விரல்ல எப்படி இருக்கோ, அப்படியே. தொட்டா அவங்க விரலைத் தொட்ட மாதிரி இருக்கணும். அளவு துளிகூடக் குறையக் கூடாது. பாலிஷ் போடுறேன்னு கோட்டை மழுக்கிடாதீங்க."

நகைக்காரி அசந்துபோனாள். அவளிடம் வருகிறவர்கள் இதய வடிவத்தில் இரண்டு எழுத்துக்கு மேல் யோசிக்காதவர்கள். இவனோ அவளைவிட நன்றாக யோசிக்கிறான். அந்தப் பள்ளத்தில் இன்னொரு மெழுகை ஊற்றி எடுத்து, அதிலிருந்துதான் வார்க்க வேண்டும், வேலை இரட்டிப்பு. அவள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

மூன்று முறை வார்த்து மூன்றையும் உருக்கினாள். ஒன்றில் ஒரு கோடு அறுந்திருந்தது, மற்ற இரண்டில் காற்றுக்குமிழி. நான்காவது பதக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு சுழிகூடக் கலையாமல் அந்த விரல் வெள்ளியில் இருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

வாங்க வந்த மகன் அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான். "அச்சு அசல்," என்றான். துணியில் சுற்றி எடுத்துப் போனான்.

அந்தப் பதக்கத்தை நகைக்காரி எடுத்து வைத்திருந்த புகைப்படத்தைக் கண்காட்சிக்கூடத்து அம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "இதுல இருக்கு உயிர்," என்று அங்கேயே தேதி குறித்துக் கொடுத்தாள். இந்த மாதிரி இன்னும் இருபது பதக்கம் செய்யச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து அழைப்பிதழ் அச்சாகி வந்தது. முதல் அழைப்பிதழை ரேகை கொடுத்த அம்மாவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நகைக்காரி எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டு வாசலில் கட்டிலைப் பிரித்துச் சாத்தியிருந்தார்கள். சாக்குப் பைகளுக்கு நடுவே நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மகள் போலத் தெரிந்த ஒருத்தி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவைதான் மாத்தி மாத்திப் பேசுவே? வீட்டை விக்கிற அதிகாரத்தை அண்ணன் பேருக்கு எழுதி ரேகை வெச்சுட்டு, இப்ப வெக்கவே இல்லைன்னா எப்படிம்மா? அவன் வித்துக் காசாக்கிட்டுப் போயாச்சு."

"சத்தியமா நான் வெக்கல."

"சோதிச்சுப் பார்த்தவங்க உன் விரல்தான்னு எழுதியே கொடுத்துட்டாங்க. உனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு." வாசலில் நின்றவளை அப்போதுதான் மகள் பார்த்தாள். "சாயங்காலத்துக்குள்ள சாவியைக் கொடுக்கணும்ங்க. என் வீட்டுல இடமில்ல, முதியோர் இல்லத்துல விடப் போறேன். நீங்களே பாருங்க, இது பொய்யா?"

அவள் நீட்டிய தாளின் அடியில் கறுப்பு மையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. நகைக்காரி அதை வாங்கவில்லை.

அவளை அடையாளம் கண்டதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இடது கையால் எட்டி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை நீ வந்தே. இவகிட்ட நீயே சொல்லு கண்ணு, நான் இந்த விரலை நீட்டினது உன் ஒருத்திகிட்டதானே?"